பாஸ்கா: யூதர்களின் விடுதலைத் திருவிழாவும் கள்ளக்குறிச்சி வட்டாரக் கிறித்தவமும்

பாஸ்கா என்பது எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரயேல் மக்கள் விடுதலை பெற்றதை நினைவுகூரும் யூதர் திருவிழா ஆகும். எபிரேய மொழியில் இது பெசாக் எனப்படுகிறது. இயேசு எருசலேமில் சிலுவையில் அறையப்பட்டது இத்திருவிழாக் காலத்தில் என்பதால், கிறித்தவர்களின் புனித வாரம், நற்கருணை, உயிர்ப்புப் பெருவிழா ஆகிய மூன்றும் இதிலிருந்தே தம் பொருளைப் பெறுகின்றன.

தமிழ்க் கிறித்தவர்களிடையே இத்திருவிழா இரண்டு வடிவங்களில் நிலைபெற்றது. ஒன்று, இயேசுவின் பாடுகளை நினைவுகூரும் வழிபாடும் நாடகமும். மற்றொன்று, ஒரே அப்பத்தில் அனைவரும் பங்குபெறும் திருவிருந்து. முதலாவது எளிதில் வேரூன்றியது. இரண்டாவது சாதி அமைப்போடு மோதியது. அந்த மோதலின் வரலாற்றில், முன்னர் தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்த கள்ளக்குறிச்சி வட்டாரத்திற்குத் தனி இடம் உண்டு.

யூத மரபில் பாஸ்கா

பாஸ்காவின் தொடக்கம் விவிலியத்தின் இரண்டாம் நூலில், 12ஆம் அதிகாரத்தில் கூறப்படுகிறது. குறையற்ற ஒரு வயது ஆட்டுக்கிடாயை நிசான் மாதம் 10ஆம் நாள் தேர்ந்தெடுத்து, 14ஆம் நாள் மாலையில் அடிக்க வேண்டும். அதன் இரத்தத்தை வீட்டு வாயிலின் இரு நிலைக்கால்களிலும் மேற்சட்டத்திலும் பூச வேண்டும். இறைச்சியை நெருப்பில் வாட்டி, புளிப்பற்ற அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் அன்றிரவே உண்ண வேண்டும். இடையில் கச்சை, காலில் மிதியடி, கையில் கோல் என்று பயணத்திற்கு ஆயத்தமாக நின்று விரைந்து உண்ண வேண்டும். இரத்தம் பூசிய வீடுகளை அழிவு கடந்து சென்றது என்பதே பெயரின் விளக்கம். நிசான் மாதம் ஏறத்தாழ பங்குனி, சித்திரை மாதங்களில் வரும். திருவிழா முழுநிலவு நாளை ஒட்டி அமையும்.

இக்கட்டளைகளில் ஒன்று பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது. ஓர் ஆட்டை முழுதும் உண்ண முடியாத சிறு குடும்பம், அடுத்த வீட்டாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அது. பாஸ்கா தொடக்கத்திலேயே வீட்டு விருந்தாகவும் அண்டை வீட்டாரோடு பகிரும் விருந்தாகவும் இருந்தது.

பிற்காலத்தில் எருசலேம் கோவிலிலேயே ஆடு பலியிடும் வழக்கம் ஏற்பட்டது. கி.பி. 70இல் உரோமைப் படை அக்கோவிலை அழித்தபின் யூதர்களிடையே பலி நின்றது. கெரிசிம் மலையில் சமாரியர் மட்டும் இன்றும் ஆடு பலியிட்டுப் பாஸ்கா கொண்டாடுகின்றனர். யூதர்களின் திருவிழா மீண்டும் வீட்டு உணவு மேசைக்கே திரும்பியது. 'ஒழுங்கு' என்று பொருள்படும் செடர் என்னும் இவ்விருந்தில் 4 கிண்ணம் திராட்சை இரசம் அருந்தப்படுகிறது. கசப்புக் கீரை அடிமை வாழ்வின் துன்பத்தையும், உப்பு நீர் கண்ணீரையும், பழமும் கொட்டைகளும் சேர்த்து அரைத்த கலவை அடிமைகள் செங்கல் வேலையில் குழைத்த சாந்தையும் குறிக்கின்றன. இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறுபடுகிறது என்று வீட்டின் இளைய பிள்ளை கேட்கும். பெரியவர்கள் விடுதலைக் கதையைச் சொல்வார்கள்.

அக்கதை முன்னோரின் கதையாக மட்டும் சொல்லப்படுவதில்லை. ஒவ்வொரு தலைமுறையினரும் தாமே எகிப்திலிருந்து வெளியேறியதாகக் கருத வேண்டும் என்பது யூத ஆசிரியர்களின் போதனை. விருந்தின் தொடக்கத்தில் பசித்தோர் அனைவரையும் உண்ண வருமாறு அழைக்கும் வாசகம், பொதுமக்கள் பேசிய அரமேய மொழியில் அமைந்துள்ளது.

கிறித்தவம் தந்த பொருள்

மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று நற்செய்தி நூல்களும் இயேசு சீடர்களோடு உண்ட கடைசி இரவுணவைப் பாஸ்கா விருந்தாகக் காட்டுகின்றன. யோவான் நற்செய்தி நாளை வேறுவிதமாகக் கணக்கிடுகிறது. அதன்படி, கோவிலில் பாஸ்கா ஆடுகள் அடிக்கப்படும் ஆயத்த நாளிலேயே இயேசு சிலுவையில் இறக்கிறார். பாஸ்கா ஆட்டின் எலும்பை முறிக்கக் கூடாது என்னும் பழைய கட்டளையை, இயேசுவின் கால்கள் முறிக்கப்படாததோடு அந்நூல் இணைக்கிறது. மூன்று நூல்கள் விருந்தை முன்னிறுத்த, யோவான் ஆட்டை முன்னிறுத்துகிறார்.

இந்த இரண்டு பார்வைகளும் இந்நூல்களுக்கு முன்பே பவுலின் எழுத்தில் சேர்ந்து காணப்படுகின்றன. கி.பி. 55 அளவில் கொரிந்து நகரச் சபைக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் அவர் கிறிஸ்துவைப் பலியிடப்பட்ட பாஸ்கா ஆடு என்கிறார். அதே திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்தில், ஆண்டவரின் விருந்துக்குக் கூடும்போது சிலர் முந்திக்கொண்டு வயிறார உண்ண, இல்லாதவர்கள் பசியோடிருப்பதைக் கண்டித்து, அப்படி உண்பது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று வாதிடுகிறார். மீட்பும் பந்தியும் பிரிக்க முடியாதவை என்பது அவர் வாதத்தின் சாரம்.

2ஆம் நூற்றாண்டில் சர்தை நகர ஆயர் மெலித்தோ, பாஸ்கா என்னும் சொல்லைத் துன்புறுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லோடு ஒலி ஒப்புமை கொண்டு இணைத்தார். இது சொற்பிறப்பியல்படி தவறு. சொல் எபிரேயம் என்பதையும் அது கடந்து செல்லுதலைக் குறிப்பதையும் 5ஆம் நூற்றாண்டில் அகுஸ்தீன் தெளிவுபடுத்தினார். ஆயினும், பாஸ்கா என்றால் இயேசுவின் பாடுகள் என்னும் எண்ணம் மக்கள் பக்தியில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

நாளும் பிரிந்தது. யூதர்களைப் போலவே நிசான் 14ஆம் நாளில் கொண்டாடிய சபைகளுக்கும், ஞாயிற்றுக்கிழமையைக் கடைப்பிடித்த சபைகளுக்கும் இடையே நெடுங்காலம் விவாதம் நடந்தது. யூத நாட்காட்டியைச் சாராமல் எல்லாச் சபைகளும் ஒரே ஞாயிறன்று கொண்டாட வேண்டும் என்று 325இல் நிசேயா பொதுச்சங்கம் முடிவு செய்தது. இதனால் சில ஆண்டுகளில் இரு திருவிழாக்களுக்கும் ஏறத்தாழ ஒரு மாத இடைவெளி ஏற்படுகிறது.

பிரிவு நாட்காட்டியோடு நிற்கவில்லை. மெலித்தோவின் மறையுரையே இயேசுவின் சாவுக்கு யூத இனம் முழுவதையும் குற்றம் சாட்டியது. இடைக்கால ஐரோப்பாவில் புனித வாரம் யூதர்களுக்கு அச்சம் தரும் காலமாக மாறியது. 1903இல் கிசினேவ் நகரில் யூதர்கள் மீதான படுகொலைத் தாக்குதல் உயிர்ப்பு ஞாயிறன்றே தொடங்கியது. விடுதலையின் திருவிழா, அதைத் தந்த மக்களுக்கு எதிராகவே திருப்பப்பட்டது. இயேசுவின் சாவுக்கு அக்கால யூதர் அனைவரையும் இக்கால யூதரையும் பொறுப்பாக்க முடியாது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. யூதர்களின் பாஸ்கா ஒரு பழைய நிழல் அன்று, இன்றும் உயிரோடிருக்கும் வழிபாடு என்னும் புரிதல் அதன்பின் வலுப்பெற்றது.

தென்னிந்தியாவில் பாஸ்கா

கேரளத்தின் தோமா கிறித்தவர்கள் பெரிய வியாழன் இரவில் வீட்டிலேயே பாஸ்கா விருந்து உண்கின்றனர். சிரிய மொழி வழிவந்த பெசஹா என்னும் பெயரே அங்கு வழங்குகிறது. அரிசி மாவும் உளுந்தும் சேர்த்துப் புளிக்க வைக்காமல் அவித்த அப்பத்தின்மேல் குருத்தோலைச் சிலுவை வைக்கப்படுகிறது. குடும்பத் தலைவர் அதைப் பிட்டு, தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சிய பாலோடு எல்லோருக்கும் வழங்குகிறார். யூதர்கள் நெடுங்காலம் வாழ்ந்த கொச்சியை உள்ளடக்கிய நிலப்பகுதியில் இவ்வழக்கம் நிலைத்திருப்பது குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாட்டு உள்மாவட்டங்களின் நிலை வேறு. அங்கு யூதக் குடியிருப்புகள் இல்லை. மக்கள் பாஸ்காவை அண்டை வீட்டில் கண்டு அறியவில்லை; மறைபரப்பாளர்களின் போதனையாலும் நூலாலும் அறிந்தனர். எபிரேய, அரமேய வடிவங்களிலிருந்து கிரேக்கம், இலத்தீன், போர்த்துக்கீசு எனப் பல மொழிகளைக் கடந்து வந்த இச்சொல், புரோட்டஸ்தாந்து விவிலியத்தில் பஸ்கா என்றும் கத்தோலிக்க வழக்கில் பாஸ்கா என்றும் வழங்குகிறது. இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே அது பாஸ் எனக் குறுகியது.

திருவிழாவின் கதையைக் கூறும் நூலின் தமிழ்ப் பெயரும் கவனத்திற்குரியது. பழைய புரோட்டஸ்தாந்து மொழிபெயர்ப்பு அதை யாத்திராகமம் என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் விடுதலைப் பயணம் என்கிறது. ஒரு பெயர் பயணத்தை மட்டும் சொல்கிறது. மற்றொன்று அப்பயணம் எதற்காக என்பதையும் சொல்கிறது.

மக்கள் வழக்கில் பாஸ்கா என்றதும் நினைவுக்கு வருவது பெரும்பாலும் நாடகமே. ஆவூர், இடைக்காட்டூர் முதலிய ஊர்களில் இயேசுவின் பாடுகள் பாஸ்கா என்னும் பெயரிலேயே நடிக்கப்படுகின்றன. இலங்கையின் மன்னார்ப் பகுதியிலுள்ள பேசாலையில் பெரிய உருவப் பாவைகளைக் கொண்டு நடத்தப்படும் உடக்குப்பாஸ் புகழ்பெற்றது. மெலித்தோவின் சொல் விளக்கம் தவறானாலும், பாஸ்கா என்பது துன்பத்தின் கதை என்னும் அப்பொருளே தமிழ் மேடையில் நிலைத்தது.

கத்தோலிக்க வழிபாட்டில் விடுதலைக் கதை மறையவில்லை. பெரிய வியாழனன்று பாஸ்கா கட்டளைகள் வாசிக்கப்படுகின்றன. உயிர்ப்புக்கு முந்தைய இரவுத் திருவிழிப்பில் பாஸ்கா திரி ஏற்றிப் புகழுரை பாடப்படுகிறது. இஸ்ரயேலர் செங்கடலைக் கடந்த பகுதியை அந்த இரவில் விட்டுவிடக் கூடாது என்பது விதி. ஓஸ்தி எனப்படும் நற்கருணை அப்பமும் புளிப்பற்ற கோதுமை அப்பமே.

ஒரே பந்தியும் சாதியும்

திருவிருந்தின் பொருள் தமிழ்நாட்டில் 19ஆம் நூற்றாண்டில் கடும் சோதனைக்கு உள்ளானது. தஞ்சாவூர், சென்னை வேப்பேரி முதலிய பழைய சபைகளில் சாதிவாரியாகப் பிரிந்து அமரும் வழக்கமும், நற்கருணை பெறுவதில் முன்பின் வரிசையும் இருந்தன. இளைய மறைபரப்பாளர்கள் இவற்றை மாற்ற முயன்றபோது, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் எழுத்து மூலம் கடுமையாக எதிர்த்தார். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு முற்றிலும் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். பலர் சபையை விட்டு விலகினர்.

1850இல் சென்னை மறைபரப்பாளர் மாநாடு ஒரு நடைமுறைச் சோதனையை முன்வைத்தது. எந்தச் சாதிக் கிறித்தவரோடும் சேர்ந்து உண்பதே சாதியைத் துறந்ததற்கு அடையாளம் என்பது அது. விசுவாசத்தை அறிய வேறு கேள்வி கேட்காமல், யாரோடு அமர்ந்து உண்பாய் என்று மட்டும் கேட்கும் சோதனை. லைப்சிக் லுத்தரன் மிஷன் இதை ஏற்கவில்லை. சாதி பெரும்பாலும் சமூக வழக்கம். போதனையால் மெல்ல மறையும். அதைத் திருவிருந்துக்கு முன்நிபந்தனையாக்கக் கூடாது என்பது அதன் இயக்குநர் கார்ல் கிரவுலின் நிலைப்பாடு.

அதே மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ் இதற்கு உடன்படாமல் பிரிந்தார். 1861இல் தென்னார்க்காடு மாவட்டம் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்னும் பணித்தளத்தை நிறுவினார். 1863இல் டேனிஷ் மிஷன் சங்கத்தோடு இணைந்தார். அப்பணி திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட ஊர்களுக்குப் பரவிப் பின்னர் ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தது. கள்ளக்குறிச்சி வட்டார லுத்தரன் சபையின் வேர், ஒரே பந்தியில் யார் அமரலாம் என்னும் கேள்வியில் இருக்கிறது. சபை பிரிந்ததால் அக்கேள்வி தீர்ந்துவிடவில்லை. எல்லாத் திருச்சபைகளிலும் அது தொடர்ந்தது.

எறையூர், 2008

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் உளுந்தூர்பேட்டை வட்டத்தில் உள்ள எறையூர், பழைமையான கத்தோலிக்க ஊர்களில் ஒன்று. புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் வன்னியக் கிறித்தவர்களும் தலித் கிறித்தவர்களும் வாழ்கின்றனர். கோவிலுக்குச் செல்லும் பாதை, அமரும் இடம், அடக்கம் செய்யும் இடம் ஆகியவற்றில் தாங்கள் ஒதுக்கப்படுவதாகத் தலித் கிறித்தவர்கள் நீண்டகாலமாக முறையிட்டு வந்தனர். தங்கள் குடியிருப்பில் சகாயமாதா பெயரில் சிற்றாலயம் எழுப்பி, அதைத் தனிப் பங்காக அறிவிக்க வேண்டும் என்றும் கோரினர்.

2008 மார்ச்சில் இக்கோரிக்கையை முன்வைத்து அவர்கள் போராட்டத்தில் இறங்கினர். மார்ச் 9 ஞாயிறன்று மோதல் வெடித்தது. தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர் இருவர் உயிரிழந்தனர்.

அன்று தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு 14 நாட்களே இருந்தன. ஒரே நம்பிக்கையும் ஒரே நற்கருணையும் கொண்ட இரு சாராரும், செங்கடலைக் கடந்த அதே வாசகத்தைக் கேட்கவிருந்த காலம் அது. தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டதை இரு விதமாகப் பார்க்க முடியும். ஒரே பந்தியை அது பிரிக்கிறது என்பது ஒரு பார்வை. பந்தி முன்பே பிரிந்துதான் கிடந்தது, இழிவின்றி உண்ண ஓர் இடமே கேட்கப்பட்டது என்பது மற்றொரு பார்வை. பவுல் கொரிந்து சபையிடம் வைத்த கேள்வி இரண்டாவது பார்வைக்கே நெருக்கமானது. பசித்தவனைக் காத்திருக்க வைத்தவர்களையே அவர் கண்டித்தார். விலகி நின்றவனை அல்ல.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

கல்வராயன் மலையும் அடிமைத்தனத்தின் நினைவும்

2019 நவம்பர் 26 அன்று செயல்படத் தொடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை அமைந்துள்ளது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட இம்மலை வட்டத்தில் மலையாளி எனப்படும் பழங்குடியினர் வாழ்கின்றனர். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு மலையேறி வந்தவர்கள் என்னும் மரபுக்கதை இவர்களிடையே வழங்குகிறது. இவர்களில் பெரும்பாலோர் கிறித்தவர் அல்லர். பாஸ்கா இவர்களின் திருவிழாவும் அன்று.

ஆயினும், அடிமைத்தனம் என்னும் சொல்லை இவ்வட்டாரத்தில் பொருள்கொள்ள இம்மலையின் வரலாறு உதவுகிறது. இந்தியா விடுதலை பெற்ற பின்னும் பல ஆண்டுகள் இம்மலை சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் ஜாகீர்தார் குடும்பங்களின் ஆளுகையிலேயே இருந்தது. 1976 ஜூன் 25 அன்றுதான் அரசு அதைத் தன் நேரடி நிர்வாகத்தின்கீழ்க் கொண்டுவந்தது. நாடு முழுவதும் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான். 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் இம்மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. எகிப்தின் கதையைப் புனித வாரத்தில் கேட்கும் இவ்வட்டாரத்துச் சபைகளுக்கு, ஆளுகையும் நில உரிமையும் மாறக் காத்திருந்த ஒரு மக்கள் கண்ணுக்கெட்டும் தொலைவிலேயே இருந்தனர்.

ஆன்மிகப் பொருள்

கிறித்தவர்களுக்குப் பாஸ்காவின் பொருள் மூன்று நிலைகளில் அமைகிறது. முதலாவது, இயேசுவின் சாவும் உயிர்ப்பும் பாவத்திலிருந்தும் சாவிலிருந்தும் மீட்கும் கடத்தல் என்னும் நம்பிக்கை. தமிழ்நாட்டு மறையுரைகளிலும் பாஸ்கா நாடகங்களிலும் மிகுதியாக வலியுறுத்தப்படுவது இதுவே.

இரண்டாவது, யூத மரபு காத்துவந்த பொருள். இறைவன் அடிமைகளின் குரலைக் கேட்கிறார். விடுதலை பெற்றவர்கள் தாம் அடிமையாயிருந்ததை மறக்கக் கூடாது. யூதர்கள் ஆண்டுதோறும் கசப்புக் கீரையை உண்பது இதற்காகவே. யூதர்களின் திருவிழாவை மதித்து அவர்களிடமிருந்து கற்பதற்கும், அதைத் தமதாக்கிக்கொண்டு அவர்களை வெறுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஐரோப்பிய வரலாறு காட்டியுள்ளது. இதனால், செடர் விருந்தைக் கிறித்தவச் சடங்காக மாற்றி நடத்த வேண்டாம் என்று இன்று பல திருச்சபைகள் அறிவுறுத்துகின்றன.

மூன்றாவது, பந்தி. அடுத்த வீட்டாரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்ன பழைய கட்டளை, பசித்தோரை அழைக்கும் செடர் வாசகம், கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய கண்டனம், 1850இன் சோதனை ஆகிய நான்கும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. மீட்பை நம்புவதாகச் சொல்பவர் யாரோடு உண்கிறார் என்பதே அவ்விடம்.

தமிழில் நூலாகவும் நாடகமாகவும் முதலில் வந்துசேர்ந்த பாஸ்கா, விருந்தாக இன்னும் முழுமையாக வந்துசேரவில்லை என்பதைக் கள்ளக்குறிச்சி வட்டாரத்தின் 150 ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு காட்டுகிறது. மேல்பட்டாம்பாக்கத்தில் ஓக்ஸ் தொடங்கிய பணியும், எறையூர்த் தலித் கிறித்தவர்கள் எழுப்பிய சிற்றாலயமும் வெவ்வேறு திருச்சபைகளைச் சார்ந்தவை. இரண்டும் எழுந்தது ஒரே கோரிக்கையிலிருந்து: ஆண்டவரின் விருந்தில் எவரும் வாசலுக்கு வெளியே நிற்கக் கூடாது.